அண்டாவுக்கு ஓடியவன்

“ஏலே சங்கரு, நிப்பாட்டிரவா?”

சுடலைமுத்து இதைக் கேட்டபோது நாங்கள் இருவரும் ஓடிக்கொண்டிருந்தோம். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக் கோயிலில் ஆடிக் கொடைத் திருவிழா. கொடையை ஒட்டி அந்த ஊர் இளைஞர் மன்றத்துக்காரர்கள் நடத்திய எட்டுக் கிலோமீட்டர் சாலை ஓட்டம். ஆறு கிலோமீட்டர் முடிந்திருந்தது. இரண்டு பக்கமும் கார் நெல் வயல். ஆடிக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் வந்தவர்கள் வாய்க்கால் பாலத்தையே இன்னும் தாண்டவில்லை.

அவனுடைய இடது கால் தரையில் விழுகிற சத்தம் மாறியிருந்தது. நாலு வருடம் ஒருவனோடு சேர்ந்து ஓடினால் அவன் காலடிச் சத்தம் நமக்கு மனப்பாடம் ஆகிவிடும். இடது காலை வைத்த மாத்திரத்தில் எடுத்துவிட்டு, மொத்தப் பாரத்தையும் வலது காலில் போட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் வியர்வை இருந்தது. வழக்கமான சிரிப்பு இல்லை.

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் இந்தத் தொடரில் இந்த வாரம் எழுத வேண்டும். மூன்று வாரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். கல்லூரி கேண்டீன் சாம்பார், திருச்செந்தூர் பாசஞ்சர் வண்டியின் தாமதம் என்று எதையெதையோ எழுதி ஒப்பேற்றினேன். நன்றாகச் சிரித்தோம் என்று வாசகர்கள் கடிதம் வேறு போட்டார்கள். இந்த வாரம் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டிக் கடிதம்

தள்ளிப் போட முடியாமல் செய்தது ஒரு கடிதம். கோவில்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தார். அவரும் ஓடுகிறாராம். ‘ஒரு போட்டி முடிந்து அடுத்த போட்டி வருவதற்குள் பல மாதங்கள் ஆகிவிடுகின்றன. அதுவரை உடம்பை எப்படிக் காப்பாற்றினீர்கள்? என்ன இலக்கு வைத்துக்கொண்டீர்கள்? அந்தக் காலத்தில் ஜிம் எல்லாம் இருந்திருக்காதே?’

இருக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஆழ்வார்திருநகரியில் எங்களுக்கு இருந்தது ஆறும் தண்டவாளமும்தான். கோடையில் ஆற்றில் தண்ணீர் ஓர் ஓரமாக ஒதுங்கிவிடும். மீதியெல்லாம் மணல். அந்த மணலில் கால் மணி நேரம் ஓடினால் தொடை இரண்டும் கழன்று விழுந்துவிடும் போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில். கிலோமீட்டர் கல் ரயில்வேக்காரர்களே நட்டு வைத்திருந்தார்கள். நேரம் பார்க்க அப்பாவின் கைக்கடிகாரம். அதில் விநாடி முள் இருந்தது, ஆனால் அவ்வப்போது நின்று யோசிக்கும்.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்டிருந்தார். ஊற வைத்த நிலக்கடலை, உடன்குடிக் கருப்பட்டி, பழைய சோறு. முட்டையும் உண்டு. எங்கள் வீடு சுத்த சைவம். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர், நெற்றியில் திருநீறு அழியாதவர். அதனால் ஆற்றைத் தாண்டி அக்கரையில் சுடலைமுத்து வீட்டுக்குப் போய்த்தான் தின்பேன். அவன் தங்கை பேச்சி முட்டையை அவித்து உரித்து, மிளகுத்தூள் போட்டுத் தருவாள். “வாயைக் கொப்புளிச்சிட்டுப் போங்கண்ணே. உங்க வீட்டுல கண்டுபிடிச்சா எங்க மேல பழி வரும்” என்பாள். நான் வாய்க்காலில் நாலு தடவை கொப்புளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

சுடலைமுத்து வீட்டில் அவன், அம்மா, பேச்சி மூன்று பேர். அப்பா அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தவறிவிட்டார். அம்மா வாழைத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போவாள். பிளஸ் டூ படிக்கையில் பள்ளி விளையாட்டு விழாவில் முதல் முறையாக அவன் பின்னால் ஓடினேன். அதற்குப் பிறகு கல்லூரி மூன்றாம் வருடம் வரைக்கும் அவன் பின்னால்தான் ஓடினேன்.

பஞ்சாங்கம்

இலக்கு வைக்கிற வேலை என்னுடையது. கல்லூரி நூலகத்தில் நீண்டதூர ஓட்டம் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. யாரும் தொடாத புத்தகம். அதை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டேன். மாவட்டப் போட்டி புரட்டாசியில் நடக்கும். அது முடிந்ததும் இரண்டு வாரம் ஓடவே கூடாது. நடக்கலாம், நீந்தலாம். அப்புறம் இரண்டு மாதம் மெதுவாக நீண்ட ஓட்டம். அப்புறம் மணல். சித்திரை, வைகாசியில் பாதியாகக் குறைத்து உடம்பைத் தேற்ற வேண்டும். ஆனியிலிருந்து வேகம். இப்படி ஒரு வருடத்தையே கூறு போட்டு எழுதியிருந்தேன். ஓய்வு நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தேன்.

சுடலைமுத்து அதற்குப் பஞ்சாங்கம் என்று பெயர் வைத்தான். காலையில் மணலுக்கு வந்ததும், “என்னலே, இன்னைக்கு ராகு காலம் எப்ப? எமகண்டத்துல ஓடுதோமா, குளிகையில ஓடுதோமா?” என்பான். ஆனால் சொன்னபடி செய்வான். ஓடுவதற்கு முன் மணலில் ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்து, கழுத்தில் விரல் வைத்து நாடி எண்ண வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. வழக்கத்தைவிட அதிகமாகத் துடித்தால் உடம்பு இன்னும் தேறவில்லை, அன்றைக்கு ஓடக் கூடாது. இருவர் நாடியையும் தினமும் நோட்டில் எழுதுவேன். அவனுடையது என்னுடையதைவிட எட்டுத் துடிப்பு எப்போதும் குறைவு. எனக்கு அதில் பொறாமை உண்டு.

பொறாமை என்று எழுதிவிட்டேன், நல்லது. அந்த வருடத்துக்கு முந்திய புரட்டாசியில் நடந்த ஐயாயிரம் மீட்டரில் அவன் முதலாவது, நான் இரண்டாவது. அவன் பதினைந்து நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. நான் பதினாறு பத்து. மாவட்டத்திலிருந்து ஒருவர்தான் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மாநிலத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வழி உண்டு. அந்தத் தடவை மாநிலத்தில் அவன் நான்காவதாக வந்தான். அடுத்த வருடம் நிச்சயம் உள்ளே வருவான் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும், நோட்டு என்னிடம்தானே இருந்தது.

பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில் இருவர் இலக்கையும் எழுதியிருந்தேன். அவனுக்குப் பதினைந்து நாற்பது. எனக்குப் பதினைந்து ஐம்பத்தைந்து. என் இலக்கை நான் எட்டினாலும் அவனுக்குப் பின்னால்தான் வருவேன் என்பதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

பாத்திரப் பட்டியல்

அவனுக்கு வேறு ஓர் இலக்கு இருந்தது. பேச்சிக்குத் திசையன்விளையில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நல்ல இடம். வரிசைப் பாத்திரம் மட்டும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். சுடலைமுத்துவின் அம்மா பட்டியலை வாயாலேயே சொல்லுவாள். குடம், தவலை, தாம்பாளம், குத்துவிளக்கு, பொங்கப் பானை, எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அண்டா.

எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கும் கொடைக்கும் ஓட்டப் பந்தயம் வைப்பார்கள். பரிசு பாத்திரமாகத்தான் இருக்கும். ஜெயித்தவன் மாலையைக் கழுத்திலும் எவர்சில்வர் குடத்தைத் தலையிலும் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவான். கண்டக்டர் குடத்துக்கும் டிக்கெட் கேட்பார். தை மாதம் தொடங்கி ஆடி வரைக்கும் ஆற்றங்கரை ஊர்களில் ஏதாவது ஒரு கோயிலில் கொடை இருந்துகொண்டே இருக்கும். சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தால் சுடலைமுத்து முதலில் பார்ப்பது தூரத்தை அல்ல, முதல் பரிசு என்ன என்பதைத்தான்.

நான் சிவப்பு வட்டம் போட்ட நாட்களில் அவன் குடத்துக்கு ஓடினான். ஆரம்பத்தில் சண்டை போட்டேன்.

“இது ஓய்வுக் காலம்லே. இப்பப் போயி தார் ரோட்டுல செருப்பில்லாம ஓடுதியே, புரட்டாசிக்குக் காலு வேண்டாமா?”

“குடம் இப்பத்தான தாரான். புரட்டாசியில தருவானா?”

“வேலை கெடைச்சா நூறு குடம் வாங்கலாம்.”

“வேலை கெடைக்கதுக்குள்ள பேச்சி கெழவி ஆயிருவாலே” என்று சிரித்தான்.

சித்திரையில் மூன்று ஊர், வைகாசியில் நான்கு ஊர். சில ஊர்களுக்கு நானும் போனேன். இரண்டாம் பரிசுத் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு வந்து அவன் வீட்டில் கொடுத்தேன். பேச்சி அதில் பூப்போட்டுக் காட்டினாள். அவன் அம்மா பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கி, பரணில் சாக்கை விரித்து அடுக்கி வைத்திருந்தாள். பட்டியலில் ஒவ்வொன்றாகக் கழிந்து கடைசியில் அண்டா ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அண்டா எந்த ஊரிலும் பரிசாக வரவில்லை. ஆடிக் கொடை நோட்டீசில்தான் வந்தது.

நாலு விரற்கடை

ஆனி பிறந்து கொஞ்ச நாளில் ஒரு காலை. மணலில் உட்கார்ந்து இடது கணைக்காலின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தான். கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே ஓர் இடத்தைக் காட்டி, “இங்கன மட்டும் வலிக்குலே. அமுக்குனா உசுரு போவுது. மத்த எடத்துல ஒண்ணும் இல்ல” என்றான். எண்ணெய் போட்டு நீவித் துணி கட்டியிருந்தான்.

அன்றைக்கு அவன் நாடி வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு அதிகம். எழுதிக்கொண்டேன்.

மறுநாள் நூலகத்தில் அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். காயங்களைப் பற்றிக் கடைசியில் ஓர் அத்தியாயம். கணைக்கால் எலும்பின் மேல் ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி இருந்தால் எலும்பில் மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருக்கலாம். ஆறு முதல் எட்டு வாரம் ஓடவே கூடாது. ஓடினால் எலும்பு முழுதாக முறிந்துவிடக்கூடும். படமும் போட்டிருந்தார்கள். படத்தில் இருந்த இடமும் அவன் காட்டிய இடமும் ஒன்று.

நான் விரலால் வாரத்தை எண்ணிப் பார்த்தேன். ஆனியில் நிறுத்தினால் ஆவணியில் மறுபடி தொடங்கலாம். புரட்டாசிக்குள் முழு வேகம் வராது. ஆனாலும் அவன் சுடலைமுத்து. பாதி உடம்போடு வந்தாலும் என்னைத் தோற்கடித்திருப்பான். நிறுத்தாமல் ஓடினால் என்ன ஆகும் என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது.

அப்படி ஆகட்டும் என்று நான் நினைத்ததாகச் சொன்னால் அது உண்மையில்லை. நினைக்கவில்லை என்று சொன்னாலும் உண்மையில்லை. தெளிவாக நினைக்காமல் தப்பித்துக்கொள்கிற அளவுக்குக் கெட்டிக்காரனாக இருந்தேன், அவ்வளவுதான். புத்தகத்தை மூடி, திருப்பிக் கொடுத்துவிட்டு, சாயங்கால வண்டியைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவனே கேட்டான். அவனுக்கு இங்கிலீஷ் வராது. அந்தப் புத்தகம் அவனுக்கு என் வாய் வழியாகத்தான் கிடைத்தது.

“ஒம் புஸ்தவத்துல இந்த வலிக்கு என்னலே போட்டிருக்கு?”

“அதுல ஒண்ணும் போடலியே” என்றேன்.

“சரி. அப்பப் பெருசா ஒண்ணும் இருக்காது” என்று எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டான். நாங்கள் ஓடினோம். அந்த ஆனி முழுக்க ஓடினோம். அவன் நாடி இறங்கவே இல்லை. ஒவ்வொரு நாளும் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன், அவனிடம் ஒரு நாளும் வாசித்துக் காட்டவில்லை.

ரெண்டே கிலோமீட்டர்

இனி ஆடிக் கொடைக்கு வருகிறேன். நாலு மணிக்குப் பந்தயம். கோயில் வாசலில் பந்தலுக்கு முன்னால் ஒரு மேஜை, அதன் மேல் பரிசுகள். அண்டா மேஜையில் நிற்காமல் தனியாக ஒரு ஸ்டூலில் இருந்தது. மைக்கில் ஒரு அண்ணாச்சி, “முதல் பரிசு, ஒரு குடும்பமே குளிக்கிற அளவுக்கு அண்டா!” என்று விடாமல் கத்திக்கொண்டிருந்தார். நையாண்டி மேளம் அடித்துக்கொண்டிருந்தது. சுடலைமுத்துவின் அம்மாவும் பேச்சியும் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள். அதற்கு முன் எந்தப் பந்தயத்துக்கும் அவர்கள் வந்ததில்லை.

அவன் இடது காலில் துணியை இறுக்கிக் கட்டி, அதன் மேல் பாதம் வெட்டிய காலுறையை இழுத்து விட்டிருந்தான். அம்மாவுக்குத் தெரியக் கூடாதாம்.

முதல் நாலு கிலோமீட்டர் அவன்தான் முன்னால். ஐந்தாவதில் நான் அவனைப் பிடித்தேன். அவன் பின்னால் ஓடியே பழகிய எனக்கு அது விநோதமாக இருந்தது. பக்கத்தில் ஓடினோம். தென்னந்தோப்புத் திருப்பத்தில் சாலையோரம் ஒரு டீக்கடை, நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேதான் கேட்டான்.

“ஏலே சங்கரு, நிப்பாட்டிரவா?”

என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை.

“ரெண்டே கிலோமீட்டருதாம்லே இருக்கு. விடாத” என்றேன்.

டீக்கடை பெஞ்சில் இருந்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டுக் கையைத் தட்டி, “அப்படிச் சொல்லுவே! அதாம்வே சேக்காளி!” என்றார். மற்றவர்களும் தட்டினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஓடினான்.

கடைசி இருநூறு மீட்டரில் கோயில் பந்தல் தெரிந்ததும் அவனுக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ, என்னைத் தாண்டிப் போனான். பேச்சி கத்தியது மேளத்தையும் மீறிக் கேட்டது. கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தான். மூன்றாவது எட்டில் கால் அவனைத் தாங்கவில்லை. பக்கவாட்டில் விழுந்தான். நான் அப்போது ஏழெட்டு அடி பின்னால் இருந்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மேளம் உடனே நிற்கவில்லை. மாலையோடு வந்த ஆள், விழுந்து கிடந்தவன் கழுத்திலேயே அதைப் போட்டார். அவனுக்கு மயக்கம்தான், வேறு ஒன்றுமில்லை என்று நினைத்தார்களாம். கொடைக்கு வாழைத்தார் ஏற்றி வந்த வேனில் அவனைப் படுக்க வைத்து ஏற்றினோம். இலைச் சருகின் மேல்தான் படுத்திருந்தான். தலைமாட்டில் அவன் அம்மா. கால்மாட்டில் அண்டாவை யாரோ தூக்கி வைத்தார்கள். ரோட்டுப் பள்ளத்தில் வேன் குதிக்கும் போதெல்லாம் அது உருண்டு அவன் காலில் இடித்தது. நான்தான் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். மூன்று வாரத்தில் அரிக்கிறது என்று அவனே அதைப் பிரித்துவிட்டு, பக்கத்து ஊரில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறவரிடம் போனான். எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. இடது கால் ஒரு விரல் அளவு குட்டையாகிவிட்டது. நடந்தால் தெரியும்.

புரட்டாசியில் மாவட்டப் போட்டியில் நான் முதலாவது வந்தேன். பதினாறு நிமிடம் ஆறு விநாடி. இந்த வருடம் போட்டியே இல்லை, சும்மா ஓடி முடித்தால் போதும் என்று பக்கத்தில் நின்ற ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. மாநிலப் போட்டியில் முன்னால் ஓடியவர்களில் ஒருவன் இடறி விழுந்ததால் மூன்றாவது வந்தேன். சான்றிதழ் கிடைத்தது. அடுத்த வருடம் வேலையும் கிடைத்தது. அந்த வேலையில்தான் இன்றைக்கும் இருக்கிறேன். என் பிள்ளைகள் படித்தது, இந்த வீடு கட்டியது, உட்கார்ந்து இந்தத் தொடரை எழுதுவது, எல்லாமே அந்தச் சான்றிதழ் போட்ட சோறு.

பேச்சியின் கல்யாணம் அந்தத் தை மாதமே நடந்தது. நான் போயிருந்தேன். வரிசைப் பாத்திரங்களை முற்றத்தில் பரப்பி வைத்திருந்தார்கள். சுடலைமுத்து கம்பை ஊன்றிக்கொண்டு பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள்.

“நீ கூட ஓடுனதுனாலதான் தம்பி அவன் முடிச்சான். டீக்கடையில இருந்தவுக எல்லாம் சொன்னாவ. நீ மட்டும் தைரியம் சொல்லலைன்னா பாதியிலேயே உக்காந்துருப்பானாம்.”

நான் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் இரண்டு முறை வாங்கிக் குடித்தேன். எப்படி இறங்கியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வாழைக்காய் மண்டி

நாலு வருடம் நான் அவனைப் பார்க்கவில்லை. வெளியூர் வேலை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். தொண்ணூறுகள் முடிகிற சமயம், ஒரு பொங்கல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, மனது பொறுக்காமல் அவனைத் தேடிப் போனேன். ஒரு வாழைக்காய் மண்டியில் தார்களை எடை போடுகிற வேலையில் இருந்தான். நின்ற இடத்திலேயே நிற்கலாம், நடக்க வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை.

என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னான். டீ சொன்னான். முதல் கேள்வியே, “இப்பம் எத்தனையில ஓடுத?” என்றுதான்.

“பதினாறு. அதுக்குக் கீழ வரமாட்டேங்கு.”

“மணல்ல ஓடுதியா? நீ மணல்ல ஓடுதத விட்டுருப்ப. அதான்” என்றான்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். ஒன்றும் போடவில்லை என்று சொன்னது பொய், படம் முதற்கொண்டு இருந்தது, ஆறு வாரம் ஓடக் கூடாது என்று இருந்தது என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தேன்.

அவன் என் தொடையில் தட்டினான்.

“இதுக்காலே இம்புட்டு வருத்தம்? எங் காலுல்லா. எலும்புல வலிக்குன்னு எனக்குத் தெரியாதா? சொன்னா நான் பயந்துருவேன்னு நீ மறைச்சிருப்ப. விடு.”

“பொறவு ஏம்லே ஓடுன?”

“அண்டா வேணும்லா.”

“தெரிஞ்சும் ஓடுனவன், நிப்பாட்டிரவான்னு எங்கிட்ட எதுக்குக் கேட்ட?”

அவன் தராசைப் பார்த்துக்கொண்டு பைய சொன்னான்.

“எங்கம்மைக்கு அண்டா வேணும். பேச்சிக்கு வேணும். அவுக நில்லுன்னு சொல்லமாட்டாவ, அவுகளக் குத்தம் சொல்ல முடியாது. எங் காலுகிட்ட ஒண்ணும் கேக்காதவன் நீ ஒருத்தன்தான். நமக்குப் பின்னால வந்தவன் எல்லாம் எங்கேயோ கெடந்தான். ‘நீ நில்லுலே, நான் ஓடி அண்டாவ வாங்கிட்டு வாரேன்’னு சொல்லுவன்னு நினைச்சேன். அந்த நேரத்துல ஒனக்குத் தோணலை. ஓடுத வேகத்துல யாருக்குத்தான் தோணும்?”

எனக்குத் தோணவே இல்லை. அந்த நிமிடம் மண்டியில் உட்கார்ந்திருக்கும் வரை, நாலு வருடத்தில் ஒரு தடவைகூடத் தோணவில்லை. நான் அப்படியே ஓடிப் போயிருந்தால் அண்டா அவன் வீட்டுக்கு வந்திருக்கும், காலும் அவனுக்கு இருந்திருக்கும்.

அவன் காலிடம் நானும் ஒன்று கேட்டேன் என்பதை அன்றைக்கு அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். மாவட்டத்திலிருந்து போகிற அந்த ஓர் இடம் எனக்கு வேண்டியிருந்தது. புத்தகத்தை மூடியபோது அதுதான் என் மனதில் இருந்தது. புத்தகத்தை மட்டும் ஒப்புக்கொண்டு, அவன் கொடுத்த மன்னிப்பை முழுசாக வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். இன்றுவரை சொல்லவில்லை.

பேச்சி இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிக்கிறாள். அவளுக்கு இப்போது பேரன் இருக்கிறான். வியாழக்கிழமை பத்திரிகை கடைக்கு வந்ததும் வாங்கி, அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டுகிறாள்.